வெளிச்சவீடும் அலவாங்கும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், 1970களில் கனடாவில் நல்ல றொக் இசைக்குழுக்கள் பல இயங்கியபோதும் அவற்றுள் நாலைந்தின் பெயர்களையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது என்று போகிற போக்கில் மூன்று வரி எழுதியிருந்தேன். அந்த மூன்று வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. கனடாவில் ஓர் உறவினராவது இல்லாத வீடு திருகோணமலையில் அரிது என்பதால் இதில் வியப்பில்லை. ஆகவே வேறு கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவைத்து, இம்முறை இந்த ஒரு பொருளுக்கே பக்கத்தைத் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்காபரோவில் காலமான என் அண்ணாவின் சாமான்கள் ஒரு மரப்பெட்டியில் கப்பல்வழி வந்துசேர்ந்தன. அவற்றுள் பதினேழு இசைத்தட்டுகள் இருக்கின்றன. லைட்ஹவுஸ், குரோபார், மஹோகனி ரஷ், மக்ஸ் வெப்ஸ்ரர் என்று நான் கேள்விப்படாத பெயர்கள். சில உறைகளில் 25 சதம் என்று ஒட்டுத்தாள் இருக்கிறது. சில தட்டுகளில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் எறியச் சொல்கிறார்கள். இவற்றுக்கு ஏதும் பெறுமதி உண்டா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை)

பதில்: எறிய வேண்டாம். காசுக் கணக்கை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்: நீங்கள் எழுதியுள்ள பெயர்களில் பெரும்பாலானவை அக்காலத்தில் ஆயிரக்கணக்கில் அச்சானவை, அவற்றை விற்று வீட்டுக்கு ஓடு மாற்ற முடியாது. குறுந்தட்டு வந்த பிறகு கனடியர் பலர் தம் பழைய இசைத்தட்டுகளைக் கோடைகாலச் சனிக்கிழமைகளில் வீட்டு வாசலில் பரப்பிவைத்துச் சில்லறைக்கு விற்றார்கள். உங்கள் அண்ணாவும் அப்படி ஒவ்வொன்றாக வாங்கியிருப்பார் என்றே அந்த ஒட்டுத்தாள்கள் சொல்கின்றன. ஆனால் கண்டதையும் அள்ளியவர் அல்லர், காது கொடுத்துத் தேர்ந்தவர் என்பது நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தாலே விளங்குகிறது.

லைட்ஹவுஸ் என்றால் நம் வழக்கில் வெளிச்சவீடு. 1968இல் ரொறன்ரோவில் ட்ரம்ஸ் கலைஞர் ஸ்கிப் புரொகொப், கீபோர்ட் கலைஞர் போல் ஹொஃபர்ட் ஆகிய இருவரும் தொடங்கிய இக்குழுவில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். வயலின், செலோ, ட்ரம்பெட், சக்சபோன் அனைத்தையும் கிற்றாருடன் ஒரே மேடையில் ஏற்றினார்கள். 1969இல் அமெரிக்காவில் நடந்த புகழ்பெற்ற வுட்ஸ்ரொக் இசைவிழாவிலிருந்து வந்த அழைப்பை இவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பது இன்றைக்கும் இசை ஆர்வலர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை. 1971இல் வெளிவந்த ‘வன் ஃபைன் மோர்னிங்’ பாடலில் ஊதுகருவிகள் எழும்பும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். நாதசுரக் கோஷ்டி வீதி திரும்பி நம் வாசலுக்கு வரும்போது எழுகின்ற அதே நெஞ்சடைப்பு. அடுத்த ஆண்டு நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் பதிவான அவர்களது நேரடித் தொகுப்புத்தான் கனடாவில் பெரும் விற்பனைக்கான பிளாட்டினம் சான்று பெற்ற முதலாவது கனடிய இசைத்தட்டு. அவ்வளவு பெயர் எடுத்தவர்களையே நாம் இன்று ‘அதிகம் அறியப்படாதவர்கள்’ வரிசையில் வைத்துப் பேசுகிறோம்.

குரோபார் என்றால் அலவாங்கு. ஒன்ராறியோ மாகாணத்தின் உருக்கு நகரமான ஹமில்ற்றன் பக்கத்துக் குழு. அமெரிக்காவிலிருந்து வந்து ஒன்ராறியோவில் நிலைகொண்ட பாடகர் ரொனி ஹோக்கின்ஸுக்குப் பின்னணி வாசித்தவர்கள் பிரிந்துவந்து இதை அமைத்தார்கள். இவர்கள் கையில் கொடுத்தால் அலவாங்கையும் பழுதாக்கிவிடுவார்கள் என்ற பொருள்பட அவர் வைததிலிருந்தே பெயர் பிறந்ததாகச் சொல்வார்கள். 1971இல் வந்த ‘ஓ வட் எ ஃபீலிங்’ என்ற பாடலால் நினைவுகூரப்படுகிறார்கள். அதன் முக்கியத்துவத்தை அடுத்த பதிலில் காணலாம்.

மஹோகனி ரஷ் என்பது மொன்றியல் நகரத்துக் கிற்றார் கலைஞர் ஃபிராங் மரினோவின் குழு. 1970இல் அமெரிக்கக் கிற்றார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இறந்ததும் அவரது ஆவி இந்தப் பையனுக்குள் இறங்கிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. மரினோ அதைத் தொடர்ந்து மறுத்தே வந்திருக்கிறார். உரு வந்து ஆடுபவர்களை ஆண்டுதோறும் திருவிழாவில் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது. ஆனால் 1972இல் முதல் தட்டை வெளியிட்டபோது அவருக்குப் பதினெட்டு வயதும் சரியாக ஆகவில்லை என்பது அதிசயந்தான். மக்ஸ் வெப்ஸ்ரர் என்ற பெயரில் அக்குழுவில் யாருமே இருக்கவில்லை. கிம் மிச்சல் பாடினார். மேடையேறாத பை டுபுவா பாட்டெழுதினார். ‘இரவல் சப்பாத்தில் மேட்டுக்குடி’ என்று பொருள்படும் தலைப்பில் 1977இல் அவர்கள் வெளியிட்ட தட்டு உங்கள் பெட்டியில் இருக்கிறது. அதை முதலில் கேளுங்கள்.

பூஞ்சணத்துக்கு வழி இருக்கிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, மென்மையான பருத்தித் துணியால் வரிப்பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. நடுவிலுள்ள கடதாசி நனையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு, மோட்டார்க் கடைகளில் பற்றரிக்கென்று விற்கும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். நம் கிணற்றுநீரில் உள்ள சுண்ணாம்பு காய்ந்தபின் படிந்து ஊசியில் கரகரக்கும். வெயிலில் உலர்த்தினால் கச்சான் காலத்துச் சூட்டில் தட்டு அப்பம்போல் வளைந்துவிடும். நிழலில், நிமிர்த்தி வையுங்கள்.

கேள்வி: மாமா கொண்டுவந்த இசைத்தட்டின் நடுவே, நாலாக வெட்டிய ரொட்டியைப் போல ஒரு சிறு வட்டக் குறி இருக்கிறது. அதில் எம், ஏ, பி, எல் என்ற நான்கு எழுத்துகள். சில துண்டுகள் கறுப்பு, சில வெள்ளை. இது நிறுவனத்தின் முத்திரையா?
(உயர்தர மாணவன், தம்பலகாமம்)

பதில்: நிறுவனத்தின் முத்திரை அன்று, ஒரு சட்டத்தின் முத்திரை. இந்தச் சிறு வட்டத்தைக் கவனித்த உங்கள் கண்ணுக்கு என் பாராட்டு, ஏனெனில் 1970களின் கனடிய றொக் இசை முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது.

கனடியரில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்க எல்லையை ஒட்டிய ஒரு நீண்ட, ஒடுங்கிய நிலப்பட்டியில் வாழ்கிறார்கள். அமெரிக்க வானொலி அவர்கள் வீட்டுக்குள் தடையின்றிக் கேட்கும். கனடிய நிலையங்களும் அமெரிக்க வெற்றிப்பாடல் பட்டியலைப் பார்த்தே பாடல்களைத் தெரிந்தன; அமெரிக்காவில் வென்ற பாடலை ஒலிபரப்பினால் விளம்பரம் வரும், உள்ளூர்ப் பையன்களை நம்பி யார் நேரத்தைக் கொடுப்பது? நீல் யங், ஜோனி மிச்சல் போன்றவர்கள் தெற்கே போய்ப் பெயரெடுத்தபின்பே சொந்த ஊர் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. இந்நிலையில் பியேர் ஜூனோ என்பவர் தலைமைவகித்த ஒலிபரப்பு ஒழுங்காற்று ஆணைக்குழு, 1971 ஜனவரி 18ஆம் திகதி முதல், ஏ.எம். வானொலி நிலையங்கள் காலை ஆறு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் ஒலிபரப்பும் இசையில் 30 சதவீதம் கனடிய ஆக்கமாக இருக்க வேண்டும் என்று விதித்தது. இந்த ஜூனோவின் பெயரை ஒலிக்கும்படியாகவே அந்நாட்டு இசை விருதுக்கு ஜூனோ விருது என்று பெயர் வைத்தார்கள்.

சரி, எது கனடிய ஆக்கம்? அங்கேதான் உங்கள் வட்டம் வருகிறது. எம் என்பது இசையமைப்பு, ஏ என்பது பாடும் அல்லது வாசிக்கும் கலைஞர், பி என்பது பதிவு நடந்த இடம், எல் என்பது பாடல்வரி. இந்நான்கில் எவையெவை கனடாவைச் சேர்ந்தனவோ அந்தத் துண்டுகள் கறுப்பாகும். முதல் ஆண்டில் ஒன்று கறுப்பானால் போதும். அதன்பின் இரண்டு வேண்டும். ஸ்ரான் கிளீஸ் என்பவர் வகுத்த முறை இது. நான்கு எழுத்தையும் சேர்த்து வாசித்தால், கனடியக் கொடியில் இலையாக இருக்கும் மேப்பிள் மரத்தின் பெயர் காதில் விழும்.

நிலையங்கள் இதை விரும்பி ஏற்றுக்கொள்ளவில்லை. கேட்பார் குறைந்த அதிகாலையிலும் நள்ளிரவை அண்டிய வேளையிலும் கனடியப் பாடல்களைக் குவித்துக் கொட்டிக் கணக்கைச் சரிக்கட்டின. அந்நாட்டின் விலங்கான பீவரின் பெயரால் ‘பீவர் நேரம்’ என்று அதைக் கேலியாகச் சொல்வார்கள். பகலில் ஒலித்தவையோ, ஏற்கெனவே அமெரிக்காவில் வென்ற இரண்டு மூன்று கனடியப் பெயர்களே திரும்பத் திரும்ப. ஆகவே இச்சட்டம் ஏழைக்குக் கொடுத்த அரிசியைக் கூப்பன் கடைக்காரரே நிறுத்துக் கொடுத்த கதையாகச் சில வேளைகளில் முடிந்தது. இருந்தும் அதை நான் குறைகூற மாட்டேன். குரோபாரின் பாடல் அச்சட்டத்தின் துணையுடன் எழுந்த முதல் வெற்றி என்று கூறப்படுகிறது. கல்கரியிலிருந்து வந்த ஸ்ரம்பீடர்ஸ் என்ற குழு, பாஞ்சோவை முன்னுக்கு வைத்து 1971இல் பாடிய பாடல் எல்லை தாண்டியும் ஓடியது. ஒட்டாவாவின் ஃபைவ் மான் இலெக்ற்றிக்கல் பாண்ட், முதலில் ஒரு தட்டின் பின்பக்கத்தில் புதைத்து வெளியிட்ட ‘சைன்ஸ்’ என்ற பாடல், மறு ஆண்டு முன்பக்கத்துக்கு வந்ததும் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை போனது. ரொறன்ரோவின் எ ஃபுட் இன் கோல்ட்வோற்றர் குழுவின் பாடல் ஒன்று 1972இல் கனடா முழுவதும் ஒலித்தும் எல்லையைத் தாண்டவில்லை. அந்தத் தலைமுறைக் கனடியருக்கு அது வீட்டுப்பாட்டு, மற்றையோருக்கு அது இல்லவே இல்லை. இந்தக் கடைசி வகைதான் நாம் இன்று தேடிக்கேட்க வேண்டியது. உங்கள் தட்டில் எத்தனை துண்டு கறுப்பு என்று எழுதவில்லையே?

கேள்வி: 1970களில் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையை நாள்தவறாமல் கேட்டவன் நான். நீங்கள் எழுதும் பெயர்களில் ஒன்றுகூட என் காதில் விழவில்லையே, ஏன்?
(ஓய்வுபெற்ற அஞ்சல் அதிபர், மூதூர்)

பதில்: என் காதிலும் விழவில்லை. 1970 முதல் 1977 வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த நாடு இது. பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் இசைத்தட்டுக்கு எங்கே டொலர்? கனடாவுக்குள்ளேயே பரவாத பாடல் கடல் கடந்து வருவதற்கு வழியே இருக்கவில்லை. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது உலகம் வேறு இசைக்குத் தாவியிருந்தது. ஆகவே கனடியர் ‘மீண்டும் கண்டெடுக்கிறோம்’ என்று சொல்வதை நாம் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறோம்.

எனக்கு ஒரு விலக்கு வாய்த்தது. துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டுக் கப்பலொன்றின் மாலுமியிடமிருந்து என் மச்சான் ஒரு கசற் வாங்கினான். அதன் மேற்கடதாசியில் பேனையால் பி.டி.ஓ. என்று மூன்று எழுத்து மட்டும் எழுதியிருந்தது. பற்றரி தீர்ந்துவிடும் என்பதற்காகக் கசற்றின் பல்லுக்குள் பென்சிலைச் செருகிக் கையாலேயே பின்னுக்குச் சுற்றுவோம். நாடா ஒருமுறை மடிந்து, அந்த இடத்தில் கிற்றார் தண்ணீருக்குள் மூழ்கி எழுவதுபோல் கேட்கும். இன்றைக்கும் அப்பாடலைச் சரியான பதிவில் கேட்டால் அந்த மூழ்கல் இல்லாதது குறையாகவே படுகிறது. அவர்களை அமெரிக்கர் என்றே இருபது ஆண்டுகள் நினைத்திருந்தேன். பாக்மன் ரேணர் ஓவர்டிரைவ் என்ற அக்குழு வின்னிபெக் நகரத்தது; 1974இல் அவர்களது தட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கப்பலேறி நம்மிடம் வருவதற்கு அவ்வளவு உயரம் தேவைப்பட்டது.

தூரத்தையும் மறந்துவிடாதீர்கள். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவுத் தபால் வண்டியில் ஏறினால் விடியும்போது கோட்டை. ரொறன்ரோவிலிருந்து வின்னிபெக்குக்குத் தரைவழி 2,000 கிலோமீற்றருக்கும் மேல். வன்கூவர் அதைப்போல் இரு மடங்கு. பனிக்காலத்தில் ஒரு வானில் அறுவரும் ஒலிபெருக்கிகளும் ஏறி அவ்வளவு தூரம் போய் நூறு பேருக்கு வாசித்துத் திரும்பினால் எரிபொருட் காசும் மிஞ்சாது. அதனால்தான் வன்கூவரின் சில்லிவக் குழு மேற்குக் கரையிலும், ஹலிஃபக்ஸில் தோன்றிய ஏப்ரல் வைன் குழு இடம்பெயர்ந்து மொன்றியலிலும் தங்கள் தங்கள் பிரதேசத்து நட்சத்திரங்களாக வளர்ந்தார்கள். ரொறன்ரோவின் மொக்சி குழுவுக்கு இன்னும் விநோதமான விதி: 1975இல் வந்த முதல் தட்டில் அமெரிக்கக் கிற்றார் கலைஞர் ரொமி போலின் பல இடங்களில் தனி வாசிப்புச் செய்திருந்தார், சொந்த நாட்டை விடத் தொலைவிலுள்ள டெக்சஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரத்தவரே அவர்களைக் கொண்டாடினார்கள், அங்கிருந்த வானொலி அதை விடாமல் ஒலிபரப்பியது என்பதற்காக.

கேள்வி: கிளாட்டு என்ற பெயரில் வந்த தட்டு உண்மையில் பீற்றில்ஸ் குழுவினர் மறைந்திருந்து வெளியிட்டதுதான் என்று என் மாமா சத்தியம் செய்கிறார். சரியா?
(உப்புவெளி வாசகி)

பதில்: உங்கள் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவர் 1977 பெப்ரவரியிலேயே நின்றுவிட்டார். கிளாட்டுவின் முதல் தட்டு 1976இல் வந்தது. உறையில் மனித முகத்தோடு சிரிக்கும் ஒரு சூரியன். வாசித்தவர்களின் பெயர் இல்லை, படம் இல்லை. அமெரிக்காவில் அதை வெளியிட்டதோ பீற்றில்ஸின் தட்டுகளை வெளியிட்ட அதே கபிற்றல் நிறுவனம். மறு ஆண்டு பெப்ரவரியில் றோட் ஐலண்ட் மாநிலத்து நாளிதழ் ஒன்றில், இவர்கள் பீற்றில்ஸாக இருக்கலாமோ என்று ஒரு கட்டுரை வந்தது. கிளாட்டு என்பது 1951இல் வந்த ஓர் அறிவியற் திரைப்படத்தில் பறக்கும் தட்டில் வந்திறங்கும் பாத்திரத்தின் பெயர்; 1974இல் பீற்றில்ஸின் ட்ரம்ஸ் கலைஞர் றிங்கோ ஸ்ரார் தம் தனித் தட்டின் உறையில் அதே பறக்கும் தட்டிலிருந்து கையசைத்தபடி நின்றிருந்தார். இவ்வளவு போதாதா? தட்டைப் பின்னோக்கிச் சுழற்றி ஒளிந்திருக்கும் சேதியைத் தேடினார்கள். நிறுவனம் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை, தட்டு விற்றுக்கொண்டிருந்தது.

வொஷிங்ரனில் ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பதிப்புரிமை அலுவலகத்துப் பதிவேட்டைப் பார்த்ததும் கதை முடிந்தது. ஜோன் வொலொஸ்சுக், டீ லோங், ரெரி டிறேப்பர் என்ற ரொறன்ரோ இளைஞர் மூவரின் பெயர்களே அங்கே இருந்தன. தாங்கள் பீற்றில்ஸ் என்று அவர்கள் ஒருபோதும் சொன்னதில்லை. ஆயினும் ஏமாற்றியவர்கள் என்ற பழி அவர்கள்மீதே விழுந்தது. ‘ஹோப்’ என்ற இரண்டாவது தட்டில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவையே சேர்த்துக்கொண்டு வாசித்தும் விற்பனை சரிந்தது. அதே 1977இல் கார்பென்ரர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவினர் கிளாட்டுவின் பாடலொன்றைப் பாடி உலகமெங்கும் கொண்டுபோனார்கள். எழுதியவர்கள் யாரென்று அன்றும் எவரும் கேட்கவில்லை. என் கணிப்பில் இரண்டாவது தட்டே மேலானது. மாமாவோடு இருந்து கேளுங்கள், ஆனால் சத்தியத்தைத் திரும்பப் பெறுமாறு வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: கனடிய றொக் என்று கேட்டதும் அடையாளம் காணத்தக்க தனி ஓசை ஒன்று உண்டா?
(சாம்பல்தீவு வாசகர்)

பதில்: இல்லை. நகரத்துக்கு ஓர் ஓசை உண்டு. நாட்டுக்கு இல்லை.

கேள்வி: எங்கள் விடுதியில் தங்கிய கியூபெக் மாகாணத்துத் தம்பதியர் இரவில் கடற்கரையிலிருந்து பிரெஞ்சில் பாடிக்கொண்டிருந்தார்கள். ஹார்மோனியம் என்று சொன்னார்கள். நம் ஆர்மோனியப் பெட்டியா?
(விடுதி நடத்துபவர், நிலாவெளி)

பதில்: பெயர் அதுவே, பெட்டி இல்லை. மொன்றியலில் சேர்ஜ் ஃபியோரி தலைமையில் இயங்கிய குழுவின் பெயர் அது. 1974, 1975, 1976 என்று மூன்றே ஆண்டுகளில் மூன்று தட்டு, பின் கலைந்துவிட்டார்கள். இரண்டாவது தட்டின் தலைப்பு, ஐந்தாவதாக ஒரு பருவம் நமக்குத் தேவைப்பட்டால் என்று கேட்கிறது. நாலு பருவத்துக்கு நாலு பாட்டு. ஐந்தாவது, நிமிடம் பதினேழு நீளும், சொற்களே இல்லாத ஓர் இசைக்கோலம். தட்டு முழுவதிலும் ட்ரம்ஸ் இல்லை. மேளம் இல்லாமல் றொக் இசையா என்று கேட்பவர்கள், அதில் புல்லாங்குழலும் பன்னிரு நரம்புக் கிற்றாரும் தாமே தாளத்தைச் சுமந்து போவதைக் கவனிக்கலாம்.

கனடாவின் ஆங்கில வானொலிக்கு இவர்கள் வெளிநாட்டவரைப் போல. கியூபெக்கிலோ வீட்டுக்கு வீடு தெரிந்தவர்கள். மூன்றாவது தட்டு வெளிவந்த 1976 நவம்பரில்தான், மாகாணத்தைத் தனிநாடாக்க வேண்டுமென்ற கட்சி அங்கே முதன்முறை ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டு பிரெஞ்சு மொழிக்கான சட்டம் வந்தது. மொழிக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவை இந்த ஊரில் இருந்துகொண்டு நான் விரித்தெழுத வேண்டியதில்லை. அதே நகரத்தின் ஒஃபன்பாக் என்ற முரட்டுக் குழு, 1972 நவம்பர் 30ஆம் திகதி, மொன்றியலின் புனித சூசையப்பர் பெருந்தேவாலயத்தில், இறந்தோருக்கான இலத்தீன் பூசையை றொக் இசையில் வாசித்தது. நம் மாதா கோயிலில் அதற்கு யாரும் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். நான் தூரத்திலிருந்து பார்ப்பேன்.

கேள்வி: மறந்துபோன இசையை மீட்டெடுக்கிறார்கள் என்கிறீர்கள். யார், எப்படி? வானொலியிலேயே வராதது எங்கிருந்து கிடைக்கிறது?
(நூலகர், கிண்ணியா)

பதில்: அநேகமாக வீட்டு நிலவறையிலிருந்து. ஹமில்ற்றனில் 1973இல் தொடங்கிய சிம்ப்ளி சோசர் என்ற குழு, அடுத்த ஆண்டு பொப் லன்வா, டானியல் லன்வா என்ற சகோதரர்கள் தம் தாயார் வீட்டு நிலவறையில் வைத்திருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் ஆறு பாடல்களைப் பதிந்தது. டானியல் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற தயாரிப்பாளரானார். எந்த நிறுவனமும் அப்பதிவை எடுக்கவில்லை. 1975இல் நகரத்துக் கடைத்தொகுதி ஒன்றின் மொட்டைமாடியில் வாசித்ததும் நாடாவில் ஏறியது. இரண்டும் சேர்ந்து தட்டாக வெளிவந்தது 1989இல், குழு கலைந்து பத்தாண்டு கழிந்தபின். இன்று கனடாவின் மிகச் சிறந்த தட்டுகளைப் பட்டியலிடுபவர்கள் அதைத் தவறவிடுவதில்லை. பங்க் இசை என்ற பெயர் பரவுமுன்னரே அதன் சினம் அங்கே இருக்கிறது. கிற்றாரோடு மின்னணு அலைக்கருவி பூனைபோல் கத்துகிறது. முதல் முறை கேட்டபோது என் வீட்டார் வானொலி பழுதாகிவிட்டது என்று எண்ணினார்கள்.

இதனினும் தொலைவான இடம் ஒன்று உண்டு. கியூபெக்கின் வடகோடியில், தெருவே போய்ச்சேராத, விமானமோ கப்பலோ மட்டும் போகும் சலுயிற் என்ற, வடதுருவப் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிற் மக்களின் கிராமம். அதன் பழைய பெயரான சுக்லுக் என்பதையே தம் குழுவுக்கு வைத்துக்கொண்ட இளைஞர்கள், 1970களின் நடுவில் தம் தாய்மொழியான இனுக்ரிருட்டில் றொக் பாடினார்கள். கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வடபகுதிச் சேவை அதைப் பதிவுசெய்து வடக்கு நிலையங்களுக்கு அனுப்பிவைத்தது, கடைகளில் விற்கவில்லை. வன்கூவரைச் சேர்ந்த கெவின் ஹவ்ஸ் பல ஆண்டுகள் தேடி, இத்தகைய முதற்குடியினர், இனுயிற் கலைஞர்களின் பதிவுகளைத் தொகுக்க, அமெரிக்காவின் லைட் இன் தி அற்றிக் நிறுவனம் ‘நேட்டிவ் நோர்த் அமெரிக்கா’ என்று 2014இல் வெளியிட்டது. அதில் சுக்லுக் குழுவைக் கேட்டபோது மொழி ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் பாலம் கட்டுமுன் உங்கள் கிண்ணியாவில் துறை கடக்கப் படகுக்குக் காத்திருந்த பையன்கள் கிற்றார் ஒன்று கிடைத்திருந்தால் எப்படிப் பாடியிருப்பார்கள் என்று யோசித்தேன். நூலகராகிய தாங்கள் ஒன்று செய்யலாம்: நம் ஊர் இசைக்குழுக்கள் திருமண வீடுகளிலும் கோயில் வீதிகளிலும் வாசித்த கசற்றுகள் இன்னும் அலுமாரிகளில் கிடக்கின்றன. நாடா உதிர்வதற்குள் கேட்டு வாங்கி வையுங்கள்.

கேள்வி: கடலுக்குப் போகிறவன், எனக்கு நேரம் குறைவு. இவ்வளவிலும் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
(திருக்கடலூர் வாசகர்)

பதில்: எஃப்.எம். என்ற ரொறன்ரோக் குழுவின் ‘பிளக் நொய்ஸ்’, 1977. கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முதலில் 500 பிரதி மட்டும் அச்சிட்டு, தபாலில் கேட்டவர்களுக்கு அனுப்பியது. கிற்றார் இல்லை, மின் வயலினும் மின் மண்டலினும் அந்த வேலையைச் செய்கின்றன. தொலைபேசியில் இறக்கிவைத்துக்கொண்டு, வலை வீசிவிட்டு விளக்கை அணைத்துக் காத்திருக்கும் வேளையில் கேளுங்கள். நள்ளிரவுக்குப் பின் இன்னும் நன்று.

திருத்தம்: சென்ற இதழில் ஹார்ட் என்ற குழுவைக் கனடியக் குழு என்று எழுதியிருந்தேன். ஆன், நான்சி வில்சன் சகோதரிகள் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்று பாலையூற்று வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. அவர்கள் வன்கூவரில் வாழ்ந்து, அங்கே பதிவுசெய்து, அந்நகரத்து மஷ்ரூம் நிறுவனத்தின்மூலம் 1975இல் முதல் தட்டை வெளியிட்டதால் நான் தடுமாறினேன். வட்டத்தில் ‘பி’ மட்டும் கறுப்பு என்று வைத்துக்கொள்வோம்.